கன்னங்குறிச்சி வீட்டில் ஒட்டு விட்ட கடல்நீர்த் தொட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

கடல்நீர்த் தொட்டி கசிகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஈரம் தெரியும் இடத்தைத்தான் காட்டுவார்கள். நீர் தொட்டியை விட்டு வெளியேறும் இடம் வேறாக இருக்கும். ஒட்டுக்குள் அது நுழையும் இடம் அதைவிட வேறாக இருக்கும். சேலம் கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டுத் தொட்டியில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் சிலிக்கான் பூசியதால் சில மாதங்கள் வீணாயின. அந்தத் தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்டும்வரை உடன் இருந்தவன் என்ற முறையில், பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர்கள் யாருக்கும் இது வரலாம்.

தொட்டியின் நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் 2 அடி. 10 மி.மீ. கண்ணாடி. மேல்விளிம்பில் நாலு பக்கமும் கண்ணாடிப் பட்டை, நடுவில் குறுக்கே ஒரு பட்டை. கீழே இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு, அதற்குள் சம்ப் தொட்டி, அதாவது மேல்தொட்டி நீர் இறங்கி வந்து மறுபடி மேலே போகும் துணைத்தொட்டி. சம்ப்பையும் சேர்த்தால் மொத்த நீர் ஏறத்தாழ 330 லிட்டர். கட்டி எட்டு வருடம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், சில நீல டாம்செல் மீன், இரண்டு கிளீனர் இறால், ஒரு குமிழ் அனிமோன் (கல்லைப் பிடித்து வாழும், பூப்போன்ற கடலுயிர்). கற்கள் எல்லாம் சிமென்ட்டில் செய்தவை, பவளக்கல் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு பெறும் உயிர்களின் பட்டியலில், கல் பவளங்கள் 2001இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. தொட்டியைப் பிரிக்கும் வேலையில் நாலு பேர் வந்து போவார்கள், படம் எடுப்பார்கள். சட்டத்துக்குள் இருக்கும் தொட்டி என்றால் யாரை வேண்டுமானாலும் உதவிக்கு அழைக்கலாம்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஸ்டாண்டின் முன்பக்க வலது காலில் வெள்ளையாக உப்பு பூக்கிறது என்பதுதான் அவர் சொன்ன முதல் குறை. சில மாதங்களுக்கு முன் தொட்டி விற்கும் கடை ஒன்றிலிருந்து ஆள் வந்து, அந்தக் காலுக்கு நேர்மேலே அடிக்கண்ணாடி விளிம்பில் வெளிப்புறமாகச் சிலிக்கான் பூசிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வாரம் ஈரம் தெரியவில்லை. பிறகு மறுபடி வந்துவிட்டது.

"தம்பி, தண்ணி மட்டம் ஒரு கோடு கூடக் குறையலையே. கசிஞ்சா குறையணும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொட்டியில் தானியங்கி மேல்நீர்க் கருவி இருந்தது. ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக சம்ப்புக்குள் ஆர்.ஓ. நீரை அதுவே விட்டுக்கொண்டிருக்கும். மட்டம் எப்படிக் குறையும்?

பதிலை உப்பளவில் தேடினோம். ஆவியாகும்போது நீர் மட்டும்தான் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். கசியும்போது உப்பும் சேர்ந்து போகும், அதன் இடத்தில் நன்னீர் வந்து உட்காரும். அதனால் கசியும் தொட்டியில் மட்டம் அப்படியே இருக்கும், உப்பளவு மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். லிட்டருக்கு 35 கிராமில் இருந்த உப்பு 32க்கு வந்திருந்தது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து நடுவில் ஒருமுறை உப்பும் போட்டிருந்தார். 330 லிட்டர் உள்ள அமைப்பில் உப்பு 35இலிருந்து 32க்கு இறங்க வேண்டுமானால், ஏறத்தாழ 30 லிட்டர் கடல்நீர் வெளியே போய் அந்த இடத்தை நன்னீர் பிடித்திருக்க வேண்டும். நீரின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியின் கோப்பையில் சேர்ந்து, எடுத்துக் கொட்டும் அழுக்கு நீரிலும் கொஞ்சம் உப்பு போகும்தான். அதைக் கழித்தாலும் மீதி பெரிய அளவு. முன்காலில் பூத்திருந்த கைப்பிடி உப்போடு இந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை. நீர் வேறெங்கோ தேங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சேலத்தில் இந்தக் கணக்குக்குக் கூடுதல் எடை உண்டு. நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. பாண்டிச்சேரிக் கடற்கரைக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒவ்வொரு லிட்டரையும் ஆர்.ஓ. நீரில் உப்புத்தூள் கரைத்துத்தான் செய்கிறோம். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, அதை ஆர்.ஓ.வில் ஓட்டினால் கழிவாகப் போகும் நீரே ஏராளம். முப்பது லிட்டர் கசிந்தது என்றால் ஒரு கிலோவுக்கு மேல் உப்பும், அதைவிடப் பல மடங்கு நீரும் போய்விட்டது என்று பொருள்.

டார்ச்சில் தெரிந்தது

கண்ணாடித் தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு கண்ணாடியின் விளிம்பும் இன்னொன்றின் முகமும் சேருமிடத்தில், இரண்டுக்கும் நடுவே மெல்லிய அடுக்காக இருப்பது ஒன்று. தொட்டியை நிறுத்தி வைத்திருப்பது அதுதான். அதை நடு ஒட்டு என்று சொல்கிறேன். மற்றது உள்மூலையில் விரலால் இழுத்ததுபோல ஓடும் பட்டை. இந்த மூலைப் பட்டை நடு ஒட்டுக்குக் காவல்: பாசி சுரண்டும் பிளேடும் பாசியும் நடு ஒட்டைத் தொடாமல் தடுக்கும். மூலைப் பட்டை மட்டும் பிய்ந்திருந்தால் தொட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. நடு ஒட்டு விட்டிருந்தால் எவ்வளவு பூசினாலும் பயனில்லை. எந்த ஒட்டு விட்டிருக்கிறது என்று தெரியாமல் சிலிக்கான் ட்யூபைக் கையில் எடுக்கவே கூடாது.

அறை விளக்கை அணைத்து, கண்ணாடியின் விளிம்பு வழியாக டார்ச்சைச் சாய்த்து அடித்தோம். நன்றாகப் பிடித்திருக்கும் நடு ஒட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாகத் தெரியும். விட்டிருந்தால் அந்த இடம் வெள்ளி பூசியதுபோல மின்னும், கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே காற்றோ நீரோ புகுந்திருப்பதால். பின்கண்ணாடியும் வலப்பக்கக் கண்ணாடியும் சேரும் செங்குத்து ஒட்டில் அந்த மினுமினுப்பு இருந்தது. அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரம்வரை. அதன் மேல்முனைக்கு நேராக உள்ளே மூலைப் பட்டை பிய்ந்து, நாக்குபோல ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாக்குக்கு அடியில் ஊதா நிறச் சுண்ணப்பாசி பிடித்திருந்தது. நேற்று பிய்ந்த பட்டைக்கு அடியில் சுண்ணப்பாசி வளராது. மாதக்கணக்காகத் திறந்து கிடந்திருக்கிறது.

அதைப் பார்த்ததும் நீரை இறக்கினோம். ஏன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் பல வீடுகளில் நடுராத்திரித் தண்ணீரைத் தவிர்க்கலாம். கண்ணாடியின் மேல் நீர் தள்ளும் அழுத்தம் ஆழத்தோடு கூடும். 56 செ.மீ. ஆழத்தில் கடல்நீர் சதுர மீட்டருக்கு சுமார் 575 கிலோ தள்ளும். மேலே சுழியம், அடியில் அவ்வளவு. மொத்தமாகப் பார்த்தால் நீளக் கண்ணாடியை நீர் ஏறத்தாழ 190 கிலோ எடையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, இரவும் பகலும். பக்கக் கண்ணாடியை 70 கிலோ. நீரைப் பாதி ஆழத்துக்கு இறக்கினால் இந்தத் தள்ளல் பாதியாவதில்லை, காலாகிறது. 190 கிலோ 50 கிலோவுக்கும் கீழே போய்விடும். நடு ஒட்டில் மினுமினுப்பைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மற்ற எல்லாம் பிறகு.

பாதிக்கு இறக்கியபின் தொட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் உப்புப் போகத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, ஒட்டு நெடுக டிஷ்யூ காகிதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டினோம். அடிக்கண்ணாடியின் பின்பக்க வலது மூலைத் துண்டு முதலில் நனைந்தது. ஆசிரியர் காட்டிய முன்கால் பக்கத்தில் ஒட்டிய துண்டுகள் வெகு நேரம் காய்ந்தே இருந்தன. பிறகு சிறிது சிறிதாக நீரை இறக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் சில மணி நேரம் விட்டுப் பார்த்தோம். மட்டம் அந்தப் பிய்ந்த நாக்குக்குக் கீழே போனதும் கசிவு நின்றுவிட்டது.

ஆக, வழி இது. ஒரு சாண் உயரத்தில் பிய்ந்த மூலைப் பட்டை வழியாக நீர் உள்ளே நுழைகிறது. விட்டுப்போன நடு ஒட்டுக்குள் இறங்கி, பின்பக்க வலது அடிமூலையில் வெளியே வருகிறது. அங்கிருந்து அடியில் போட்ட தெர்மாகோல் அட்டைக்கும் பலகைக்கும் நடுவே தேங்கி, ஊர்ந்து, கடைசியில் முன்காலில் சொட்டுகிறது. கடை ஆள் பூசியது இந்தக் கடைசி இடத்தில். அது நீரைத் தடுக்கவில்லை, வெளியேறும் வாயை அடைத்து இன்னும் அதிகமாகத் தெர்மாகோலுக்கு அடியில் தேங்க வைத்தது. வெளியே பூசும் எந்தச் சிலிக்கானும் நீர் தள்ளும் திசையிலேயே இருக்கிறது, நீர் அதைப் பெயர்த்துக்கொண்டுதான் இருக்கும். மேலும் காய்ந்த பழைய சிலிக்கானின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது.

ஏன் விட்டது

தொட்டியைக் காலி செய்து தூக்கியபிறகுதான் காரணம் முழுதாகக் கிடைத்தது. ஸ்டாண்டின் பின்பக்க வலது காலின் அடித்தகடு துருவில் அரித்துப் போயிருந்தது. சம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயின் இணைப்பில் வருடக்கணக்காக உப்பு பூத்து, அந்தக் காலின் வழியாக வழிந்திருக்கிறது. பெயின்ட்டுக்கு அடியில் துரு போனதை யாரும் பார்க்க முடியாது, அது சுவரோரக் கால். ரசமட்டம் வைத்தபோது அந்த மூலை மற்ற மூன்றைவிட 4 மி.மீ. இறங்கியிருந்தது.

நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தொட்டி முழுதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அவ்வளவு ஆபத்து இல்லை. ஒரு மூலை மட்டும் இறங்கினால் தொட்டி முறுக்கப்படுகிறது. கண்ணாடி முறுக்குக்கு இடம் கொடுக்காது. முறுக்கு முழுவதும் ஒட்டுக்குப் போகும். நேராக இழுத்தால் சிலிக்கான் நிறையத் தாங்கும், ஏனென்றால் சுமை ஒட்டின் பரப்பு முழுவதும் பரவும். ஒரு முனை உரிந்து திறந்துவிட்டால் சுமை முழுவதும் அந்த உரிந்த முனையில் வந்து நிற்கும், முனை நகர்ந்துகொண்டே போகும். உரிவதுதான் சிலிக்கானின் பலவீனம். தெர்மாகோல் சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்யும், இறங்கிப்போன காலைத் தூக்கி நிறுத்தாது.

நடு ஒட்டை வெட்டி எடுத்தபோது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒரு துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தொட்டி கட்டுவதில் நாற்பது வருடப் பழக்கம் உள்ளவர். துண்டின் மேல்பாதி ஒரு பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது, பாசிக்கறையோடு. அங்கே சிலிக்கான் கண்ணாடியை விட்டுப் பெயர்ந்திருக்கிறது. கீழ்ப்பாதி சொரசொரப்பாகக் கிழிந்திருந்தது. அங்கே கண்ணாடியைப் பிடித்தபடியே சிலிக்கான் நடுவில் பிளந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிப்பது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். பெயர்ந்திருந்தால் ஒட்டும்போது கண்ணாடி சரியாகச் சுத்தமாகவில்லை, அல்லது நீர் பின்னாலிருந்து அரித்திருக்கிறது என்று பொருள். கிழிந்திருந்தால் தாங்க முடியாத சுமை வந்திருக்கிறது. இங்கே இரண்டும் இருந்தன.

"வெளிய பூசுனது மழையில இடியற செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரிங்க சார். பாருங்க, உள்ள எவ்ளோ மெல்லிசா இருக்குன்னு" என்றார் பாய், ஆசிரியரிடம்.

அது இன்னொரு காரணம். கீழ்மூலையில் நடு ஒட்டின் தடிமன் காகித அளவுக்குத்தான் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஒட்டியவர் கண்ணாடியை இறுக்கி அழுத்தியிருக்கிறார், சிலிக்கான் எல்லாம் வெளியே பிதுங்கிவிட்டது. சிலிக்கான் ரப்பர்போல நீண்டு சுருங்கித்தான் அசைவைத் தாங்குகிறது. நீள்வதற்குத் தடிமன் வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல். இறுக்கி அழுத்தினால் உறுதி என்று நினைப்பது தலைகீழ்.

என் கணிப்பில் வரிசை இப்படி: மெல்லிய ஒட்டு தொடக்கத்திலிருந்தே இருந்தது, அதனால் மட்டும் தொட்டி கசிந்திருக்காது. மூலையில் சுண்ணப்பாசியைச் சுரண்ட ஸ்டீல் பிளேடு பயன்பட்டிருக்கிறது, மூலைப் பட்டை அறுபட்ட இடம் நேர்கோடாக இருந்தது. அந்த வழியாகப் பாசியும் நீரும் நடு ஒட்டின் ஓரத்தைத் தொட்டன. பிறகு கால் இறங்கியது, முறுக்கு வந்தது, ஓரம் திறந்து உரியத் தொடங்கியது. கால் இறங்காமல் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். ஸ்டாண்டைச் சரிசெய்யாமல் தொட்டியை மட்டும் புதிதாக ஒட்டிக் கொடுத்திருந்தால், அதே மூலை மறுபடி விட்டிருக்கும்.

உயிர்களை மாற்றியது

மீன்களை மாற்றும் பகுதிதான் வீட்டில் எல்லாரும் பயந்த பகுதி. அது எளிதாகவே முடிந்தது, ஏனென்றால் அவசரம் இல்லை. நீர் இறக்கிய தொட்டி உடையப் போவதில்லை.

உணவுப்பொருள் வந்த 200 லிட்டர் நீல டிரம் ஒன்றும், இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளும் எடுத்துக்கொண்டோம். டிரம் வாங்கும்போது முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். சாயமோ ரசாயனமோ இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பழைய நீரில் மேலாக உள்ள தெளிந்த பகுதியை முதலில் எடுத்து அவற்றில் நிரப்பினோம். கற்களை அந்த நீரிலேயே அலசி மாற்றினோம். குழாய்நீரில் அலசினால் குளோரின் பட்டு, அம்மோனியாவைச் செரிக்கும் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியின் உயிர்நாடியே அந்தக் கற்களில் இருக்கும் பாக்டீரியாதான். அனிமோனைக் கல்லிலிருந்து பிய்க்கவில்லை, அது பிடித்திருந்த கல்லோடு தூக்கி வைத்தோம். பிய்த்தால் பாதம் கிழியும், கிழிந்த அனிமோன் தொட்டி முழுவதையும் கெடுக்கும். மீன்களைக் கடைசியில், நீர் ஒரு சாணுக்கும் கீழே போனபின் பிடித்தால் துரத்த வேண்டியதில்லை.

எட்டு வருட மணலைத் திரும்பப் போடவில்லை. அடியில் காற்றுப் படாமல் கிடந்த மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும் ஹைட்ரஜன் சல்பைடும், தேங்கிய அழுக்கும் ஒரே நேரத்தில் நீருக்கு வரும். அதைக் கழுவி மீண்டும் போடுவதைவிடப் புதிய மணல் மேல்.

நீரைச் சுழலவிடும் பவர்ஹெட் பம்ப் இரண்டு, ஒரு ஏர் பம்ப், இன்வெர்ட்டரில் இணைப்பு. மார்ச் மாதம் என்பதால் ஹீட்டர் தேவைப்படவில்லை, எதிர்மாறாக டிரம்மின் வாய்க்கு மேல் ஃபேன் வைத்து நீரை 28 டிகிரிக்குள் நிறுத்த வேண்டியிருந்தது. சேலத்து மார்ச்சில் மூடிய அறைக்குள் பிளாஸ்டிக் டிரம் எவ்வளவு சூடாகும் என்பதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அம்மோனியாவை ஆசிரியரே காலையும் மாலையும் பார்த்தார். அந்தக் கோமாளி ஜோடி மண்டபம் பக்கம் தொட்டியில் பொரித்து வளர்த்த வகை என்று அவர் பெருமையாகச் சொல்வார். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் கோமாளி மீனைப் பொரித்து வளர்க்கும் முறையை வளர்த்தெடுத்தன. அப்படி வளர்ந்த மீன்கள் இடமாற்றத்தைத் தாங்குவதில் நிதானமானவை. டிரம்மில் விட்ட மறுநாளே உணவு எடுத்தன.

பிரித்ததும் ஒட்டியதும்

பின்கண்ணாடியையும் வலப்பக்கக் கண்ணாடியையும் மட்டும் பிரித்து ஒட்டினால் போதுமா என்று ஒரு பேச்சு வந்தது. பாய் வேண்டாம் என்றார், எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஒட்டியவர் கண்ணாடியை இறுக்கி அழுத்தும் கைப்பழக்கம் உள்ளவர். மற்ற மூலைகளிலும் அதே மெல்லிய ஒட்டுதான் இருக்கும். பழைய ஒட்டும் புதிய ஒட்டும் சந்திக்கும் இடங்களில் பிடிப்பும் இருக்காது. முழுவதும் பிரித்தோம்.

மூலைப் பட்டைகளைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, நடு ஒட்டுக்குள் இரு முனையிலும் மரக்கட்டை கட்டிய மெல்லிய ஸ்டீல் கம்பியை விட்டு, இரண்டு பேர் மாறிமாறி இழுத்தால் கண்ணாடி தனித்தனியாக வந்துவிடும். நெம்பக் கூடாது, நெம்பினால் விளிம்பு சில்லாகும். பின்கண்ணாடியின் கீழ்மூலையில் ஏற்கெனவே ஒரு சில் போயிருந்ததால் அதை மட்டும் புதிதாக வெட்டி விளிம்பு தேய்த்தார் பாய்.

சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். புதிய பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தோம். டர்பன்டைன் எண்ணெய்ப்படலம் விடும், அதைத் தொடக்கூடாது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் பழைய சிலிக்கானின் படலம் ஒட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு துளி நீர் போதும். விளிம்பில் நீரைத் தெளித்தால், படலம் உள்ள இடத்தில் நீர் முத்தாக உருண்டு நிற்கும், சுத்தமான இடத்தில் விரிந்து பரவும். முத்து நிற்கும் இடத்தில் மறுபடி சுரண்டல். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டவர்களின் தொட்டிகள்தான் ஓரிரு வருடத்தில் திரும்பி வரும்.

சிலிக்கான் தேர்வில் ஏமாறுவது எளிது. குளியலறைக்கு விற்கும் வகையில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு வகை) என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பலவற்றில் எண்ணெய்க் கலப்பு உண்டு, சுமை தாங்காது. மீன்தொட்டிக்கு என்று எழுதியிருக்கும், முழுச் சிலிக்கானாக உள்ள, காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்கினோம். காலாவதித் தேதி தாண்டிய ட்யூப் காயாமலே நிற்கும். அதனால் முதல்நாள் இரவே ஒரு கண்ணாடித் துண்டில் சிறிது இட்டு வைத்து, காலையில் பிய்த்துப் பார்த்தோம். பிய்க்க முடியவில்லை, பரவாயில்லை.

ஒட்டியது விடியற்காலையில். இதற்கும் சேலத்து வெயில்தான் காரணம். இந்த வகைச் சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் காய்கிறது. மார்ச், ஏப்ரல் பகலில் சூட்டால் மேல்தோல் சீக்கிரம் கட்டிவிடும், காற்று வறண்டிருப்பதால் உள்ளே மெதுவாகத்தான் காயும். கண்ணாடியை நிறுத்திச் சரிபார்ப்பதற்குள் தோல் கட்டினால் ஒட்டு பிடிக்காது. பட்டறைத் தரையில் நீர் தெளித்து, சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார் பாய்.

அடிக்கண்ணாடியின் மேல் இடைவெளி விடாமல் ஒரே இழுப்பில் சிலிக்கான் வைத்து, இடையிடையே காய்ந்த சிலிக்கானின் சின்னச் சின்னத் துண்டுகளைத் தடுப்பாகப் பதித்தார். கண்ணாடி அதற்கு மேல் இறங்காது, ஒட்டின் தடிமன் தானாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும். துண்டு இருக்கும் இடத்தில் பிடிப்பு இல்லை, அதனால் அவை கடுகளவுக்கு மேல் இருக்கக் கூடாது. பின்பு முன்கண்ணாடி, பக்கங்கள், பின்கண்ணாடி. மூலைமட்டம் பார்த்து, டேப்பால் கட்டி, அதன்பின் உள்ளே மூலைப் பட்டை. பட்டையின் இரு ஓரத்திலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, ஐஸ்குச்சியால் ஒரே முறை இழுத்து, தோல் கட்டும் முன் டேப்பை உரித்தோம். இரண்டாம் முறை இழுத்தால் பட்டை கிழியும். வினிகர் வாடை முழுதும் அடங்கும்வரை விட்டு வைக்க வேண்டும், 7 நாளுக்குக் குறையாமல். சிலிக்கான் நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் உள்ளே காயும், அதுவும் ஓரத்திலிருந்துதான். நடு ஒட்டின் ஆழம் 10 மி.மீ.

இதற்குள் ஸ்டாண்டை வேறு இடத்தில் செய்ய விட்டிருந்தோம். துரு நீக்கிப் பார்த்தால் பழைய கால் பயன்படாது என்று தெரிந்ததால் புதிதாகவே வெல்டிங் செய்து, எபாக்ஸி பெயின்ட் அடித்து, ஒவ்வொரு காலுக்கும் திருகி ஏற்றி இறக்கும் பாதம் வைத்தோம். ரசமட்டம் நீளம், அகலம் இரண்டிலும் பார்த்தோம். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. தச்சர்கள் செய்வதுபோல மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் கட்டினோம். நடுவில் இரண்டு நூலும் ஒன்றை ஒன்று லேசாகத் தொட்டால் நாலு மூலையும் ஒரே தளத்தில் உள்ளன. ஒன்று மேலே தூக்கி நின்றால் முறுக்கு இருக்கிறது.

தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பு பட்டறை வாசலிலேயே சமதரையில் தெர்மாகோல் போட்டு, சாதா நீரை மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழுவதும் என்று படிப்படியாக நிரப்பி விட்டு வைத்தோம். ஒவ்வொரு படியிலும் டிஷ்யூ துண்டுகள். ஒன்றும் நனையவில்லை.

திரும்ப வைத்தபின்

பழைய நீரில் பாதிக்கு மேல் காப்பாற்றியிருந்தோம். மீதிக்குப் புதிதாக உப்பு கரைத்து, ஒரு இரவு முழுதும் பவர்ஹெட் ஓடவிட்டு, 35 வந்ததும் சேர்த்தோம். கற்கள் முதலில், மீன்கள் அடுத்து, அனிமோன் கல் கடைசியில். முதல் வாரம் அம்மோனியா ஏறவில்லை, கற்களை நனைந்தபடியே காப்பாற்றியதுதான் காரணம். அனிமோன் மட்டும் சில நாள் சுருங்கியிருந்து, பிறகு தானாக இடம் பார்த்து நகர்ந்து, தொட்டியின் இடப்பக்கம் போய் நின்றுகொண்டது. கோமாளிகள் அதோடு போய்விட்டன.

ஆசிரியர் இப்போது மூன்று வேலையை மாற்றிக்கொண்டார். ஸ்டீல் பிளேடு மூலையிலிருந்து இரண்டு விரல்கடைக்குள் போவதில்லை. அங்கே பழைய ஏ.டி.எம். கார்டுதான், மூலையில் கொஞ்சம் ஊதாப் பாசி நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறார். காந்தச் சுரண்டியை அடிப்பக்கம் கொண்டுபோவதில்லை, மணல் ஒரு துகள் மாட்டினாலும் கண்ணாடியையும் பட்டையையும் கீறும். சம்ப்பின் குழாய் இணைப்பில் உப்பு பூத்தால் அன்றே துடைக்கிறார், பின்காலை மாதம் ஒருமுறை கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கிறார்.

நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு பத்தி சேர்ந்திருக்கிறது. மேல்நீர் வாளியின் வெளிப்புறம் லிட்டர் கோடு வரைந்து, வாரம் எவ்வளவு இழுக்கிறது என்று உப்பளவுக்கு எதிரிலேயே எழுதுகிறார். கோடையில் இழுப்பது கூடும், மழையில் குறையும், உப்பு 35லேயே நிற்கும். உப்பு இறங்கினால் அன்று மாலையே தொட்டியைச் சுற்றி டிஷ்யூ ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ரிஃப்ராக்டோமீட்டரை 35 கிராம் அளவுக் கரைசல் வைத்துத்தான் சரிபார்க்கிறார், வெறும் நீரில் சுழியம் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை.